மூன்றாவது ஒயர்

நான்கு கருப்பு ஒயர்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை நூலில் கட்டிய ஒரு சீட்டு, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று என் கையெழுத்து, எஞ்சின் ஓடுகிற அதிர்வில் நான்கு சீட்டுகளும் நடுங்கிக்கொண்டிருக்கின்றன, தூக்கிய பானெட்டுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சத்தத்துக்காக ஏழு மாதம் காத்திருந்தேன், இப்போது அது காதில் விழுகிறது, அதற்கு மேல் உள்ளே இறங்க மறுக்கிறது. மெக்கானிக் ஆறுச்சாமியண்ணன் கிளம்பிப் போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு பை நிறைய ஸ்பேனர் கொண்டுவந்தவர் ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை, ஸ்டார்ட் பண்ணுங்க அம்மிணி என்றார், எஞ்சின் வழக்கம்போல் இருமியது, கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல் போட்டது, தலையைச் சாய்த்துக் கேட்டார், வாயிலிருந்த ஈர்க்குச்சியைக்கூட எடுக்காமல் இரண்டு ஒயர்களைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார், இப்பப் போடுங்க என்றார், போட்டேன், ஓடியது. ஏனுங் அம்மிணி, ரெண்டும் மூணும் மாறியிருக்குதுங், இதுக்குப் போயா எஞ்சினை மறுக்காப் பிரிச்சீங்க, எம்மெஸ்ஸி படிச்சவங்கன்னு சொன்னாங்களே என்று சிரித்தார், நானும் சிரித்தேன், இல்லீங்கண்ணா, சீட்டு கட்டியிருக்கு பாருங்க, சீட்டுப்படிதான் மாட்டினேன் என்றேன், அவர் குனிந்து சீட்டைப் பார்த்தார், சீட்டு சொல்றது சரீங், ஒயர் சொல்றதையும் சித்தெ கேக்கோணுமல்லங் என்றார், டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார், நான் எஞ்சினை நிறுத்தவில்லை, சீட்டுகள் ஆடுகின்றன, நான்கில் இரண்டு வேறு மாதிரி ஆடுவதுபோல் இருக்கிறது, ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை.

இது அப்பாவின் பியட், சிங்காநல்லூரில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா மேனேஜரிடமிருந்து வாங்கியது, பாலாடை நிறம், வாங்கும்போதே கிழடு, அதன் பின்சீட்டில் அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு நான் போகிறேன், எனக்கு ஐந்து வயது, மேட்டுப்பாளையம் ரோட்டில் பாக்கு மரங்கள் கண்ணாடிக்குள் தலைகீழாக ஓடுகின்றன, அக்கா என் தலைமுடிக்குள் விரலை விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வருகிறாள், என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள், அம்மா போனபோது எனக்கு மூன்று வயது, அதற்கப்புறம் அம்மா என்று எனக்கு நினைவில் இருப்பதெல்லாம் அக்காவின் முகம்தான். கோனியம்மன் தேருக்குப் போகும்போது என் சட்டைக் காலருக்கு உள்பக்கம் ஒரு துண்டுத் துணியில் என் பேரும் அப்பா பேரும் வீதியும் எழுதி வைத்துத் தைத்துவிடுவாள், கூட்டத்துல தொலைஞ்சு போனா ஆருகிட்டயும் பேசாத, காலரைத் திருப்பிக் காட்டு போதும் என்பாள், கடைசித் தையல் முடிந்ததும் ஊசியை இரண்டு முறை வளையத்துக்குள் விட்டு இழுத்து, முகத்தை என் கழுத்தருகே கொண்டுவந்து பல்லால் நூலைக் கடித்து அறுப்பாள், அவள் மூச்சு என் காதில் படும், முடிச்சில் நூலின் வால் எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. இப்போதும் சில கனவுகளில் நான் அந்தத் தேர்க்கூட்டத்தில் நிற்கிறேன், எல்லாரும் இடுப்பு உயரத்துக்கு மேலே தொடங்குகிறார்கள், நான் காலரைத் திருப்பிக் காட்டுகிறேன், அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை, ஆனால் முடிச்சு மட்டும் இருக்கிறது, முடிச்சைப் பார்த்தே யாரோ என்னை வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள்.

அப்பா போய் நான்கு வருஷம், அவர் போவதற்கு முன்பே வண்டி நின்றுவிட்டது, போர்ட்டிகோவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது, பூனை குட்டி போட்டது, அக்கா ஒரு வருஷமும் சில மாதமும் ஒரு வீட்டில் மருமகளாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு வீதி முழுக்க ஜாக்கெட் தைக்கத் தொடங்கினாள், நான் இயற்பியல் படித்து முடித்தேன். மே மாதம், கடைசிப் பரீட்சை எழுதிய மறுவாரம், சும்மா ஒரு ஸ்பேனரை எடுத்தேன், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அப்பாவின் பழைய கையேடு ஒன்றும் போனில் பார்த்த படங்களும்தான், எனக்கு மனிதர்களிடம் பேசுவதைவிட இது எளிதாக இருந்தது, ஒரு போல்ட்டை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. பிஸ்டன்கள் உள்ளே இறுகிப்போயிருந்தன, மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறவைத்தேன், பத்தாம் நாள் காலையில் நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்கினேன், ஒரு நூலளவு நகர்ந்தது, நகர்ந்துருச்சுக்கா என்று நான் கத்தியதில் அக்கா கழுத்தில் டேப்போடு ஓடிவந்தாள், எங்கே எங்கே என்றாள், பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். வால்வு ஸ்பிரிங்குகள் கலந்துவிடக் கூடாதென்று பழைய இட்லித் தட்டின் குழிகளில் வைத்தேன், அக்கா அதைப் பார்த்துவிட்டு, இட்லி ஊத்துற தட்டுல எண்ணெய ஊத்தி வெச்சிருக்கியே, நாளைக்கு வெங்காயச் சட்னியும் கேப்பியாட்ட இருக்குது என்றாள், ஆனால் அன்றே கடைக்குப் போய்ப் புதிதாக இன்னொரு செட் தட்டு வாங்கிவந்தாள், இது உன்ற எஞ்சினுக்கே இருக்கட்டும் என்று பழையதை எனக்கே விட்டுக்கொடுத்தாள்.

அவள் மத்தியான நேரங்களில் ஜாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்து ஊக்கு வைப்பாள், நான் வண்டிக்குள் தலையை விட்டிருப்பேன், இருவருக்கும் நடுவே பேச்சு அறுந்து அறுந்து வரும், இது என்ன புள்ள, இது டிஸ்டிரிபியூட்டர் அக்கா, என்ன பண்ணும், நாலு சிலிண்டருக்கும் முறை வெச்சு நெருப்புக் குடுக்கும், வரிசையாவா, இல்லக்கா, ஒண்ணு மூணு நாலு ரெண்டு, அதென்ன கோணல் கணக்கு, அப்பத்தான் எஞ்சின் ஆடாம ஓடும், இந்த நாலு ஒயரும் மாறுச்சுன்னா என்னாகும், ஓடாது, இருமும், வெடிக்கும், அதுக்குத்தான் கழட்டுறதுக்கு முன்னாலயே சீட்டு கட்டப் போறேன். அலமாரியின் அடியில் அவளுடைய கல்யாணப் பத்திரிகைகள் மிச்சம் ஒரு கட்டு இருந்தது, ஒன்பது வருஷமாக யாரும் தொடாதது, நல்ல அட்டை, பின்பக்கம் வெறுமை, நான் யோசிக்காமல் அதில்தான் நான்கு துண்டு வெட்டினேன், அவள் நூல் டப்பாவிலிருந்தே நூல் எடுத்துக் கட்டினேன், எனக்கு முடிச்சு போட வராது, இரண்டு வாலும் பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், அக்கா எட்டிப் பார்த்தாள், இதென்ன முடிச்சு, மாட்டைக் கட்டுற மாதிரி என்றாள், அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஒண்ணு மூணு நாலு ரெண்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஊக்கு வைத்தாள், அவளுக்கு அது ஒரு பாட்டுப்போல ஒட்டிக்கொண்டது, அன்று சாயங்காலம் அரிசி களையும்போதும் முணுமுணுத்தாள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நான் சொல்வதை இவ்வளவு கவனமாகக் கேட்கிற ஆள் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைத்ததில்லை.

ஜூன் கடைசியில் புனேயிலிருந்து கடிதம் வந்தது, ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு இடம், ஒளியியல் பிரிவு, ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும், நான் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டு அக்காவிடம் நீட்டினேன், அவள் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள், மடித்தாள், சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள், நல்லதுதானுங்களே அம்மிணி என்று வேடிக்கையாக மரியாதை போட்டுச் சொன்னாள், அப்புறம் வெளியே வந்து பிரித்துக் கிடந்த எஞ்சினைப் பார்த்தாள், அப்பா வண்டிய இப்பிடி அக்கக்காப் பிரிச்சுப்போட்டு நீ பாட்டுக்குப் போயிருவியா கண்ணு, தெனமும் இதுல முழிச்சுட்டு நான் எப்பிடி இருப்பேன், ஓட்டிக் காட்டீட்டுப் போ என்றாள். ஓட்டிக் காட்டிவிட்டுப் போகிறேன் என்றேன், அப்பாவின் ஸ்டியரிங்கில் கையை வைத்துச் சொன்னேன், ஒரு மாதம் இருந்தது, மிச்சமிருந்த வேலைக்கு இருபது நாள் போதும், ரயிலுக்கு இருபத்தொன்பதாம் தேதிக்குப் பதிவு செய்தேன், எல்லாம் கணக்குப்படி நடந்தது, கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வால்வு உட்காருகிற இடங்களை வெட்டக் கொடுத்திருந்தேன், ஒரு மத்தியானம் போய் வாங்கிவந்தேன், இரண்டு மணி நேரம் ஆனது, அவ்வளவு நேரமும் நான்கு ஒயர்களும் சீட்டோடு இங்கே தொங்கிக்கொண்டிருந்தன, இன்றைக்குத்தான் அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

ஜூலை இருபத்துநான்கு, எல்லாம் கூட்டி முடித்து முதல் முறை சாவியைத் திருப்பினேன், இருமியது, உதறியது, வெடித்தது, நின்றது. அக்கா படியில் நின்றாள், ஓடலியா என்றாள், அவள் குரல் என்னைவிட வாடியிருந்தது. நான் நோட்டை எடுத்தேன், நோட்டில் கட்டம் போட்டிருந்தேன், தேதி, கண்டது, காரணம் என்ன இருக்கலாம், ஒவ்வொன்றாகப் பார்த்தேன், பெட்ரோல் வருகிறது, பொறி வருகிறது, பாயின்ட் இடைவெளி சரி, வால்வு இடைவெளி சரி, மூன்றாவது ஒயர் மட்டும் விறைப்பாக இழுத்துக்கொண்டு நிற்கிறது, பழைய ரப்பர் சுருங்கியிருக்கலாம், என்றும் எழுதியிருக்கிறேன், இரண்டாவது ஒயர் தொய்ந்து தொங்குகிறது என்றும் அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறேன், இரண்டையும் எழுதிய கை சீட்டைச் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் சீட்டில் இருந்தது என் கையெழுத்து. டிஸ்டிரிபியூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற சிலிண்டருக்குக் குட்டை ஒயர், தள்ளிப் போகப் போக நீளம், பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பார்த்ததும் சொல்லிவிடும், நான் அளவெடுக்கக் கற்றவள், அளவு கண்ணெதிரே தொங்கியது, நான் பேரைத்தான் நம்பினேன். காரணம் என்ற கட்டத்தில் கடைசியாக எழுதினேன், என் கை.

புனேக்கு எழுதினேன், குடும்பச் சூழ்நிலை என்றேன், எஞ்சின் என்று எப்படி எழுதுவது, அக்டோபர் முதல் தேதி வரை பொறுப்பதாகப் பதில் வந்தது, மறுபடி எஞ்சினின் தலையைக் கழற்றினேன், எல்லா வால்வையும் பசை வைத்துத் தேய்த்தேன், விரல் நுனிகள் வழவழவென்று ஆகி போன் என் கைரேகையை அடையாளம் காண மறுத்தது, மாட்டினேன், சீட்டுப்படி மாட்டினேன், இருமியது. ஆறுச்சாமியண்ணனைக் கூப்பிடலாம்க்கா என்றேன், அக்கா ஜாக்கெட்டிலிருந்து நிமிராமல், உங்கையாலயே பண்ணோணும்னுதான கெளம்புன, இப்ப அவன் வந்து தட்டி ஓடுச்சுன்னா அது அவன் ஓட்டுன எஞ்சினா, நீ ஓட்டுன எஞ்சினா என்றாள், எனக்கு ரோஷம் வந்தது, கூப்பிடவில்லை, இன்னொரு மாதம் போனது, ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தால் என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன், இந்தக் கைகளை நம்பி யாராவது ஒரு லேசர் கருவியைக் கொடுப்பார்களா என்று தோன்றும், அப்பா கையாக இருந்திருந்தால் என்று தோன்றும். அக்டோபர் எட்டாம் தேதி இரண்டு வரியில் ஒரு கடிதம், இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, வாழ்த்துகள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள், என் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், போனாப் போச்சாது கண்ணு, உனக்கில்லாத எடமா, விடு என்று என் முடிக்குள் விரலை விட்டு எண்ணினாள், நான் அவள் புடவையை நனைத்தேன், சாக்பீஸும் புதுத்துணியும் மணத்தது, பாக்கு மரங்கள் ஓடின, இந்த மடி இருக்கும்வரை எந்தக் கூட்டத்திலும் நான் தொலைய மாட்டேன் என்று தூங்கிப்போனேன்.

இன்று காலை அக்கா காங்கேயத்துக்கு ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்கு, தூரத்துச் சொந்தம், போனாள், பஸ் ஏறியதும் நான் ஆறுச்சாமியண்ணனுக்குப் போன் செய்தேன், ஏதோ திருட்டு வேலை செய்கிறவள் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினேன். இப்போது எஞ்சின் ஓடுகிறது, சீட்டுகள் ஆடுகின்றன, ஒன்றும் நான்கும் மீசை வைத்துக்கொண்டு ஆடுகின்றன, இரண்டுக்கும் மூன்றுக்கும் மீசை இல்லை. எழுந்து கிட்டப் போகிறேன், நூல் அதே நூல், அட்டை அதே அட்டை, கையெழுத்து என்னுடையது, முடிச்சு என்னுடையதல்ல, சின்னதாக, உருண்டையாக, இரண்டு முறை வளையத்துக்குள் விட்டு இழுத்தது, வால் எங்கே என்று தேடினாலும் கிடைக்காதது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துகிறேன், வீதி திடீரென்று பெரிதாகிறது, அவள் குனிந்து இந்த ஒயரின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பல்லால் கடித்திருப்பாள், கிரீஸ் வாடை அடித்திருக்கும், ஒண்ணு மூணு நாலு ரெண்டு என்று வாய்க்குள் சொல்லியிருப்பாள், நான்தான் சொல்லிக் கொடுத்தேன், எதை மாற்றினால் ஓடாது என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

மறுபடி சாவியைத் திருப்பி ஓடவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை, வீதி முனையிலேயே அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் இருக்க வேண்டும். கேட் திறக்கிறது, கையில் தாம்பூலப் பை, பட்டுப்புடவை, நெற்றி வேர்வையில் கரைந்த குங்குமம், ஓடுதா என்கிறாள், ஓடுது என்கிறேன், ஆரு வந்தா, ஆறுச்சாமியண்ணன், என்ன சொன்னான், ரெண்டும் மூணும் மாறியிருக்குன்னாரு. அவள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொள்கிறாள், பழைய நூலு, நைஞ்சு உழுந்திருக்கும், நீயே பாக்காம மாத்திக் கட்டியிருப்பே என்கிறாள், எனக்கு இந்த முடிச்சு போட வராதுக்கா என்கிறேன். அக்கா படியில் உட்காருகிறாள், ஊக்கு வைக்கிற இடத்தில், மடியில் ஜாக்கெட் இல்லாமல், நீ இன்னொரு நாள் எங்கூட இருப்பீன்னுதான் பண்ணுனேன் என்கிறாள், ஒரு நாள், மிஞ்சுனா ரெண்டு நாள், ரயிலு போயிரும், அடுத்த ரயிலுக்குள்ள நீ கண்டுபுடிச்சுருவீன்னு நெனச்சேன், எம்மெஸ்ஸி படிச்சவ, பாத்ததும் அக்கா நீதானேன்னு வந்து கேப்பீன்னு நெனச்சேன், நாலு திட்டு திட்டுவே, நானும் அழுதுட்டு அனுப்பி வெச்சிருப்பேன், நீ கண்டுபுடிக்கலியே கண்ணு, நோட்டத் தூக்கிட்டு உக்காந்துட்டே, உன்ற கைய நீயே வைய ஆரம்பிச்சுட்டே, அப்பறம் நான் எந்த வாயில வந்து சொல்றது. கடிதம் வந்த அன்னிக்குச் சொல்லியிருக்கலாமேக்கா, மடியில படுத்திருந்தேனே, என்கிறேன், அன்னிக்குச் சொன்னா நீ எந்திரிச்சுருவியே என்கிறாள்.

உள்ளே போகிறேன், மிஷின் மேசையில் அவளுடைய பெரிய கத்திரி, துணியைத் தவிர எதையும் வெட்ட விடமாட்டாள், காகிதம் வெட்டினால் மழுங்கிவிடும் என்று சின்ன வயதில் ஒருமுறை கையில் அடித்திருக்கிறாள், அதை எடுத்துக்கொண்டு வருகிறேன், அவள் பார்க்கிறாள். எஞ்சினை நிறுத்திவிட்டு முதல் சீட்டை வெட்டுகிறேன், நான்காவதை வெட்டுகிறேன், என் முடிச்சுகள் லேசாக விழுந்துவிடுகின்றன, அவள் முடிச்சுக்குள் கத்திரியின் முனை நுழைய மறுக்கிறது, ஒயரைக் கிழித்துவிடாமல் நெம்பி நெம்பி வெட்ட வேண்டியிருக்கிறது, அறுக்காத புள்ள, மறுபடி மாறிப்போயிரும் என்கிறாள் பின்னாலிருந்து, பழக்கத்தில் வந்த வார்த்தை, சொன்ன பிறகு அவளே கையால் வாயை மூடிக்கொள்கிறாள், இனி மாறாதுக்கா, நீளம் தெரியும் என்கிறேன். உள்ளங்கையில் நான்கு அட்டைத் துண்டுகள், திருப்பிப் பார்க்கிறேன், இத்தனை மாதத்தில் முதல் முறை, மூன்றாவதன் பின்பக்கத்தில் தங்க எழுத்தில் அக்காவின் பாதிப் பேர், கோகில, மிச்சம் வேறு எங்கோ வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது, அவளுக்கு இது தெரிந்திருக்கும், கட்டும்போது பார்த்திருப்பாள், நான் அவற்றை அவள் பக்கத்தில் படியில் வைக்கிறேன், மடியில் அல்ல.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறேன், ஒரே திருப்பில் பிடித்துக்கொள்கிறது, இருமல் இல்லை, ஏழு மாதமாக இந்தக் கைகள் செய்தது எல்லாம் சரியாகத்தான் இருந்தது, முதல் நாளே சரியாகத்தான் இருந்தது. அக்கா எழுந்து போய் யாரும் கேட்காமலே கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்து, ஒன்றை முதுகால் அண்டக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பட்டுப்புடவையில் துரு ஒட்டுகிறது, வீதி வெறுமையாக வெயிலில் கிடக்கிறது, அதன் முனையில் எனக்காக வைத்திருந்த இடம் எதுவும் இப்போது இல்லை. நான் கியரைப் போடவில்லை, கேட்டை மூடச் சொல்லவும் இல்லை, இன்னும் இறக்காத பானெட்டுக்குக் கீழே இருக்கிற இடுக்கு வழியாகப் பார்க்கிறேன், நான்கு கருப்பு ஒயர்கள், குட்டை, அதைவிட நீளம், அதைவிட நீளம், எல்லாவற்றிலும் நீளம், கழுத்தில் ஒன்றுமில்லாமல், அவையவை அவையவற்றின் இடத்தில், நடுங்கிக்கொண்டிருக்கின்றன.